இடது சக்கரத்துப் பின்

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அந்தக் கார் திரும்பி வந்தது. ஓடி வரவில்லை, ரெக்கவரி வண்டியின் முதுகில் கட்டுண்டு வந்தது.

திருத்தணி அரக்கோணம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஜெகநாதன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிவிட்டு, மலைக்கு முதுகைக் காட்டி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். வெண்ணெய் நிறத்தில் ஒரு காண்டெஸா. பதினோரு வருஷமாக எந்தக் காரைப் பார்க்கக் கூடாது என்று சுற்று வழியில் போய் வந்தானோ, அதே கார். டிரைவர் சங்கிலியைத் தளர்த்திப் பலகைச் சரிவில் அதை மெல்ல இறக்கினான். முன்பக்க இடது சக்கரம் தரையைத் தொட்டபோது அந்தச் சத்தம் வந்தது.

டொக்.

ஜெகநாதன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். தூக்கத்தில் கேட்கும் சத்தம் அது. பஸ்ஸில் போகும்போது, சாமி கும்பிடும்போது, பொண்டாட்டி குழம்புச் சட்டியைக் கீழே வைக்கும்போதெல்லாம் கேட்கும் சத்தம்.

"இன்னா பின்னு மேஸ்திரி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான் பக்கத்துப் பஞ்சர் கடை தேசப்பன். "பழைய சம்பந்தியா?"

ஊரில் ஜெகநாதனுக்குப் பின்னு மேஸ்திரி என்றுதான் பெயர். எந்த வண்டியில் வேலை முடித்தாலும் கீழே படுத்து ஒவ்வொரு நட்டிலும் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்று மூன்று தடவை டார்ச் அடித்துப் பார்ப்பான். வண்டிக்காரன் சாவியைப் போட்ட பிறகும், "இருப்பா, ஒரு நிமிசம்" என்று நிறுத்தி மறுபடி குனிவான். நட்டு கழன்று வராமல் அதன் குறுக்கே கோத்து மடக்குகிற சின்னக் கம்பிதான் அந்தப் பின். நாலணா பெறாத சாமான். அதற்குப் போய் இவ்வளவு அலட்டலா என்று எல்லோரும் சிரிப்பார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

பின்னாலேயே ஆட்டோவில் காமு மாமி வந்து இறங்கினாள். மலைக்கோயில் மடப்பள்ளிச் சமையல்காரர் ஸ்ரீகண்டனின் மனைவி. இந்தக் கார் அவருடையது. தலை பாதி நரைத்திருந்தது.

"என்ன ஜெகா, அடையாளம் தெரியறதா?" என்றாள். காரைக் கேட்டாளா, தன்னைக் கேட்டாளா என்று சொல்ல முடியவில்லை.

"தெரியுது மாமி."

"ஸ்னேகாவுக்கு அடுத்த மாசம் கல்யாணம். அப்பா வண்டியிலதான் மண்டபத்துக்குப் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. ஷெட்டுலேந்து எடுத்து டிங்கர் வேலை, பெயின்ட் எல்லாம் முடிச்சாச்சு. முன் சக்கரம் ஆடறது, இத்தனை வருஷத்துல பால் ஜாயின்ட் துருப் பிடிச்சுப் போச்சுன்னு டிங்கர் சொல்லிட்டான். மெட்ராஸ் புதுப்பேட்டையில தேடிப் பிடிச்சு நாலும் வாங்கிண்டு வந்துட்டேன்." ஒரு பையை நீட்டினாள். "இன்னிக்கே மாத்திக் குடு. மலைக்குப் போய் எலுமிச்சம்பழம் வெச்சுப் பூஜை போட்டுடணும்."

"வேற யார்னா செஞ்சா நல்லா இருக்கும் மாமி. எனக்கு இடுப்பு..."

"அவர் வண்டியில உன்னைத் தவிர யார் கை வெச்சிருக்கா?"

ஜெகநாதன் பையை வாங்கிக்கொண்டான். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னாலும் ஒரு வெள்ளிக்கிழமை. இதே டொக் சத்தம் வந்ததென்று, இதே காருக்கு இதே பால் ஜாயின்ட்டை ஜெகநாதன் மாற்றிக்கொண்டிருந்தான். சக்கரத்தை மேலும் கீழும் தாங்குகிற இரும்புக் கைகளோடு பிணைத்து, அதைத் திரும்ப விடுகிற மூட்டு அது. வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் கீழ் மூட்டுக்கு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது ஸ்ரீகண்டன் தலைமேல் நின்று அவசரப்படுத்தினார். "பத்தரைக்கு ராகு காலம்டா, ஜெகா. அதுக்குள்ள பூஜை முடியணும்." சக்கரத்தை மாட்டினான். வண்டி போய்விட்டது. பதினொரு மணிக்குக் கீழே விரித்திருந்த சாக்கைச் சுருட்டும்போது மடிப்பில் ஒரு புதுப் பின் கிடந்தது.

போன் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. நாலு தடவை போட்டான். பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடியிருக்கலாம். திரும்பி வரும்போது கோத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டான். ஒரு மணிக்குச் செய்தி வந்தது. கனகம்மாசத்திரம் போகிற வழியில் கார் புளியமரத்தில் மோதி ஆள் அங்கேயே போய்விட்டார் என்று. "பட்டறையில வேலை செஞ்ச வண்டியாம், சக்கரம் மடங்கிச்சாம்" என்று டீக்கடையில் எவனோ சொன்னான்.

ஜெகநாதன் அன்றைக்கே பள்ளிப்பட்டில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போய் எட்டு நாள் படுத்துக்கொண்டான். சாவுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு மலை ஏறவும் இல்லை. அந்தப் பின் மட்டும் அவன் மணிபர்ஸில் இன்னும் இருந்தது.

முதலில் வலது பக்கத்தைப் பிரித்தான். ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங் விசிறி அடிக்காமல் இருக்கக் கீழ் கைக்கு இன்னொரு ஜாக்கி கொடுத்தான். பின் இருந்தது. அதன் ஒரு கால் மேலே, இன்னொரு கால் பக்கவாட்டில். அவனே மடக்கியது. பழைய மூட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கி, புதுசை ஏற்றி, பின் கோத்து, டார்ச் அடித்துப் பார்த்தான். மூன்று தடவை.

தேசப்பன் எட்டிப் பார்த்தான். "ஒரு பக்கத்துக்கே இந்நேரமா? மூட்டு மாத்துறியா, வளைகாப்பு பண்றியா?"

"போய் உன் டியூப்ப பாருடா."

இடது பக்கத்துக்கு வந்தான். சக்கரத்தை எடுத்ததும் உள்ளே புளிய இலைச் சருகும் இறுகிப்போன சேறுமாக இருந்தது. மரத்தடி மண். நட்டின் தலையே தெரியவில்லை. அந்தச் சேற்றுக்குள் வெறும் ஓட்டை இருக்கும். இல்லையென்றால் டிங்கர் கோத்த புதுப் பின் இருக்கும். இரண்டும் ஒன்றுதான். இவன் கையால் போன உயிர் இவன் கையால் போனதுதான்.

"மாமி, டிங்கரு இந்தப் பக்கம் சக்கரத்த கழட்டினானா?"

"இல்லியே. சக்கரத்துல கை வெக்க மாட்டேன், மெக்கானிக்கைப் பாருங்கோன்னுட்டான். ஏன்?"

அவன் மண்ணெண்ணெய் டின்னை இழுத்தான். மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து வைத்துத் துடைத்தான். சேறு கரைந்து கறுப்பாக வழிந்தது. நட்டு இருந்தது. கொஞ்சமும் கழன்றிருக்கவில்லை. பிள்ளைகளின் நாடகக் கிரீடம் மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும் அதன் தலைக்கு நடுவே ஏதோ குறுக்கே போயிருந்தது.

பின் இல்லை அது. பின்னைவிட மெலிசு, நீளம். நெளிநெளியாக இருந்தது. இரண்டு கால்களையும் வேலை தெரியாத ஆள் மடக்கின மாதிரி, கன்னாபின்னாவென்று நாலு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தது.

குறடால் மெதுவாக உருவி உள்ளங்கையில் வைத்தான். துருப் பிடித்த கொண்டை ஊசி.

கீழேயிருந்து ஊர்ந்து வந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மாமி ஸ்டூலை விட்டு எழுந்து வந்தாள்.

"அட, என் ஊசி" என்றாள் சாதாரணமாக. "இன்னுமா இருக்கு?"

"மாமி... இது எப்படி..."

"அன்னிக்கு மலையில எலுமிச்சம்பழம் வெக்க இவர்தான் சக்கரத்துக்கு அடியில குனிஞ்சார். குனிஞ்சவர் எழுந்திருக்கல. பட்டு வேஷ்டியோட தரையில படுத்துட்டார். குருக்கள் சிரிக்கறார். 'காமு, பயல் பின்னு போடல, தலையிலேந்து ஒரு ஊசி குடு'ன்னு கையை நீட்டினார். நல்ல வேளையாச் சாமி வேலை இருந்ததால அன்னிக்குக் கொண்டை போட்டிருந்தேன்."

"போன் போட்டேனே மாமி. நாலு வாட்டி."

"தெரியும். பையில அடிச்சிண்டே இருந்தது. 'இப்ப எடுத்தா பயல் அழுதுடுவான், வரச்சே பட்டறையில நிறுத்தி ரெண்டு திட்டு திட்டிட்டுப் போட்டுக்கறேன்'ன்னார். என்னைக் கோயில்ல விட்டுட்டுக் கனகம்மாசத்திரத்துல கல்யாண ஆர்டர் பேசக் கெளம்பினார்."

மேலே மலையிலிருந்து ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு வந்தது. ஜெகநாதன் தலையைத் தூக்கவில்லை.

"அப்ப எப்படி மாமி..."

"மாரடைப்பு. மரத்துல இடிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டார்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்தா. உனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே."

அவன் யாரையும் கேட்டதில்லை. அந்தப் பேச்சு வரும் இடத்திலெல்லாம் எழுந்து போய்விடுவான். மணிபர்ஸைத் திறந்து, அந்தப் பின்னை எடுத்து, கொண்டை ஊசிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினான்.

"இத போடாம வுட்டுட்டேன் மாமி. நான்தான் அவர கொன்னுட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன்."

மாமி அவன் உள்ளங்கையைப் பார்த்தாள். சமாதானம் சொல்லப் போகிறாள் என்று நினைத்தான். அவள் முகம் இறுகியது.

"பதினோரு வருஷமாவா?"

"ஆங்."

"என் ஆத்துக்காரரை நீ கொன்னுட்டேன்னு நெனச்சிண்டு, என் வாசல் பக்கம் ஒரு நாள் வரல. எம்பொண்ணு படிக்கறாளா, நான் சாப்பிடறேனான்னு ஒரு வார்த்தை கேக்கல. ஒளிஞ்சிண்டே. இல்லியா?"

அவன் உள்ளங்கையை மூடிக்கொண்டான்.

"அவருக்கு உன் மேல கோவமில்ல ஜெகா. எனக்கு இருக்கு. நேத்து வரைக்கும் இல்ல. இப்ப இருக்கு." சொல்லிவிட்டு ஸ்டூலுக்குத் திரும்பினாள். "வேலையை முடி."

தேசப்பன் அன்றைக்கு மறுபடி எட்டிப் பார்க்கவில்லை.

ஜெகநாதன் முடித்தான். புது மூட்டு, புது நட்டு, புதுப் பின். பின்னின் கால்களை மடக்கும்போது கண்ணீர் மறைத்தது. முழங்கையால் துடைத்துக்கொண்டான். சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினான். ஆட்டமில்லை, சத்தமில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து இருபத்தைந்து.

"இன்னும் அஞ்சு நிமிசத்துல ராகு காலம் மாமி. பன்னெண்டு மணிக்கு மேல..."

"வந்தா வரட்டும். நீ ஓட்டு." பின்சீட்டில் ஏறி, மடியில் நாலு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டாள். கொண்டை ஊசியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவனுடைய பழைய பின்னை வாங்கவில்லை. "அது உன்னோடது" என்றாள்.

மலைப்பாதையில் முதல் திருப்பம் வந்தது. ஸ்டியரிங் வெண்ணெயாகத் திரும்பியது. ஜெகநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். சத்தம் வரவில்லை. வராதது அதைவிடப் பயமாக இருந்தது. பிரேக்கை மிதித்தான்.

"இருங்க மாமி, ஒரு நிமிசம்."

இறங்கி, சுடுகிற ரோட்டில் படுத்து, இடது சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தான். பின் இருந்தது. இரண்டு காலும் மடங்கி, அவன் மடக்கின மாதிரியே இருந்தது. பின்னால் வந்த ஆந்திரா வேன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு ஒதுங்கிப் போனது.

அவன் ஏறி உட்கார்ந்தான். அடுத்த திருப்பத்தில் அவன் மறுபடி நிறுத்தினான். மாமி மடியில் பழங்கள் உருண்டுவிடாமல் கையால் அணைத்தபடி, அவன் பார்த்துவிட்டு வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.