எழுதாத பரீட்சை

"அதெல்லாம் இருக்கட்டும், நம்ம தாஹேவுக்கு எந்தக் காலேஜ் கெடச்சுது?"

பிப்ரவரி மாதம், சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின நாள். கணவனின் அண்ணன் வீட்டுச் சமையலறையில், மறுநாள் முன்னோர் படையலுக்காக மீன் துண்டுகளை முட்டையில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்த மிரானின் கை அப்படியே நின்றது. கேட்டவள் அவளுடைய ஓரகத்தி, டேஜின் அம்மா. மகன் டேஜினுக்குச் சியோலில் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த நாளிலிருந்து அவள் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது காலேஜில்தான் போய் முடியும். கேட்டுவிட்டு, முள்ளங்கி நறுக்குவதைத் தவிர உலகில் தனக்கு வேறு அக்கறையே இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மிரான் வாயைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து அவள் கணவன் சாங்சிக்கின் குரல் முந்திக்கொண்டது.

"அவ இன்னொரு தடவை பரீட்சை எழுதப் போறா அண்ணி! போனா நல்ல எடத்துக்குத்தான் போவேன்னு ஒரே புடிவாதம்."

"அப்படிப் போடு! பேக் குடும்பத்து ரத்தம்னா சும்மாவா?" என்றாள் டேஜின் அம்மா.

பக்கத்து அறையில் இருந்த மகள் தாஹேவுக்கு இது காதில் விழாமல் இருக்க வழியில்லை. அவளுக்குக் கல்லூரியில் இடம் உறுதியாகி, விடுதியில் அறைகூட ஒதுக்கியாகிவிட்டது. அடுத்த மாதம் வகுப்பு. மிரானின் வாணலியில் மீன் கருகிக்கொண்டிருந்தது.

இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகளை ஒன்றிலிருந்து ஒன்பதுவரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று உச்சி, ஒன்பது பாதாளம். தாஹே ஐந்து. அதாவது நட்ட நடு. கணக்குப்படி பார்த்தால் நாட்டில் மிக அதிகமாக இருப்பவர்கள் நடுவில் இருப்பவர்கள்தான். ஆனால் இவர்கள் குடியிருக்கும் தேகு நகரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், தன் பிள்ளை நடுவில் இருப்பதாக ஒப்புக்கொள்ளும் ஒரு தகப்பனைக் காட்ட முடியாது. எல்லார் வீட்டுப் பிள்ளையும் கெட்டிக்காரப் பிள்ளைதான், பரீட்சை அன்றைக்கு மட்டும் வயிற்றுவலி வந்துவிடும்.

முந்தின வருஷக் கடைசியில் சாங்சிக் மகளைக் கல்லூரி ஆலோசகர் ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போயிருந்தார். அந்த ஆலோசகர் மதிப்பெண்ணைப் பார்த்தார், பெண்ணைப் பார்க்கவில்லை. "இந்தத் தரத்துக்குச் சியோல்ல காலேஜ் இல்லீங்க, சாமி கும்புடறதுதான் பாக்கி" என்று அவர் சிரித்தபோது சாங்சிக்கும் கூடச் சேர்ந்து சிரித்தார். பணம் கட்டி அவமானப்பட்டுவிட்டு வந்த பெருமை அவருக்கு.

மிரான் வேறு வழியில் போனாள். மகளிடமே கேட்டாள். "உனக்கு என்னடி புடிக்கும்?" என்று பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.  தாஹே, குடியிருப்பில் பழைய லிஃப்டை மாற்றியபோது ஊரே படியேறிச் சலித்துக்கொண்டிருக்க, தான் மட்டும் வேலை நடந்த மாடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததைச் சொன்னாள். அந்த இரும்புக் கயிறு, எதிர் எடை, கதவு தானாக மூடும் சூட்சுமம் என்று பேசப் பேச அவள் முகமே வேறாகிவிட்டது. தாயும் மகளும் பேருந்து பிடித்து, மலைப்பக்கத்துச் சிற்றூரில் லிஃப்ட் தொழில் சொல்லித்தரும் சின்னக் கல்லூரியைப் போய்ப் பார்த்தார்கள். பட்டறையைப் பார்த்தார்கள், சாப்பாட்டைப் பார்த்தார்கள், படித்து முடித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். எல்லாம் பொருந்தி வந்தது. ஊர்வாய்க்குத்தான் பொருந்தவில்லை.

"லிஃப்ட் ரிப்பேரா? நான் இன்ஷூரன்ஸ் கம்பெனி மேனேஜர். ஆபீஸ்ல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்வேன்?" என்றார் சாங்சிக்.

"அந்த ஆபீஸுக்கு லிஃப்ட்லதான போறீங்க?" என்றாள் மிரான்.  அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

கடைசியில் கட்டணத்தைக் கட்டினார், வெளியே மூச்சு விடக் கூடாது என்ற நிபந்தனையோடு. சுமாரான கல்லூரிக்குப் போனவள் என்றால் அது வீட்டுக்கு இழுக்கு. மறுபடி எழுதுகிறாள் என்றால் அது லட்சியம். ஆக, படித்துக்கொண்டிருந்த பெண் ஊருக்குப் படிக்காதவளாகவும், எழுதாத பரீட்சை கௌரவமாகவும் ஆனது.

அந்தப் பொய்க்குத் தீனி போடுவது மிரான் தலையில் விழுந்தது. டேஜின் அம்மா, படிக்கிற பிள்ளைக்குத் தெம்பு என்று சிவப்பு ஜின்செங் வேரைப் பொட்டலம் பொட்டலமாக அனுப்பினாள். கோடை முழுக்க, பிள்ளைகள் பரீட்சைக்காகத் தாய்மார் வேண்டிக்கொள்ளும் பல்கொங் மலைக்கு மிரானை இழுத்துக்கொண்டு ஏறினாள். கல் புத்தர் முன்னால் முழங்கால் தேயத் தேய விழுந்து எழுந்தாள் மிரான், நடக்கப் போகாத ஒரு பரீட்சைக்காக. விடுமுறைக்கு வரும் தாஹே, இருட்டின பிறகுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது சாங்சிக் போட்ட சட்டம்.

அக்டோபரில் தாஹேவின் பிறந்தநாள். பிறந்தநாள் என்றால் கடற்பாசிக் குழம்பு வைத்தாக வேண்டும். காலையிலேயே டேஜின் அம்மா தொலைபேசியில் வந்துவிட்டாள்.

"ஏண்டி மிரான், கடற்பாசிய கண்ணுலயே காட்டிடாத! வழுக்கும். பரீட்சை எழுதற புள்ள, வழுக்கி விழுந்தா போச்சு!"

சாங்சிக்கும் "எதுக்கு வம்பு" என்றார். எழுதவே போகாத பரீட்சையில் வழுக்கி விழுந்துவிடக் கூடாதென்று, பெற்ற பெண்ணுக்குப் பிறந்தநாள் குழம்பு இல்லாமல் போனது. பிறந்தநாளுக்கென்று விடுதியிலிருந்து வந்திருந்த தாஹே, முன்னால் வைத்த முள்ளங்கிக் குழம்பைத் தொடவில்லை.

"அம்மா, நான் என்ன திருடிட்டு ஜெயிலுக்கா போயிருக்கேன்? அடுத்த மாசம் பரீட்சை முடிஞ்சதும் என்ன சொல்லப் போறீங்க? மூணாவது தடவை எழுதறான்னா?"

"சின்னப் புள்ள மாதிரி பேசாத. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றார் சாங்சிக்.

"சரிப்பா. என்ன படிக்கறேன்னு நீங்க வெளிய சொல்ற அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க, வர்றேன். அதுவரைக்கும் நான் இந்த வீட்டுக்கு வரல."

பையைத் தூக்கிக்கொண்டு போயே விட்டாள். வாரம் ஒன்று போனது, இரண்டு போனது. மிரான் அழைத்தால் பேசுவாள். வீட்டுக்கு வா என்றால் பேச்சை மாற்றுவாள். பெண்ணுக்கு ஒரு கல்லூரியைத் தேடிக் கொடுத்துவிட்டு, அந்தக் கல்லூரிக்காகவே பெண்ணைத் தொலைத்துவிட்டோமே என்று மிரான் தன்னையே நொந்துகொண்டாள்.

பரீட்சை நாள் வந்தது. பிள்ளைகளுக்கு வழிவிட அலுவலகங்கள் தாமதமாகத் திறக்கிற, பிந்திய பிள்ளைகளைப் போலீஸே வண்டியில் கொண்டுவந்து விடுகிற நாள். முதல் நாளே டேஜின் அம்மா சொல்லி வைத்திருந்தாள், தேர்வுக்கூட வாசலுக்குத் தானும் வந்து பிரார்த்திப்பதாக. டேஜினுக்குப் பலித்த பிரார்த்தனையாம்.

"தாஹே முன்னாடியே உள்ள போயிட்டான்னு சொல்லிடு. ஒரே ஒரு பொய். அவ்வளவுதான்" என்றார் சாங்சிக்.

"பத்து மாசமா அந்த ஒரே ஒரு பொய்யத்தான் சொல்லிட்டிருக்கோம்" என்றாள் மிரான்.

பள்ளி வாசலில் குளிர் எலும்பைத் துளைத்தது. கம்பிக் கதவில் தாய்மார்கள் பிசுபிசுத்த அரிசி மிட்டாயை ஒட்டிக்கொண்டிருந்தார்கள், பிள்ளை நல்ல கல்லூரியில் அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். கதவு சாத்தியதும் அத்தனை பேரும் கைகூப்பிக் கண்ணை மூடினார்கள். டேஜின் அம்மா ஜபமாலையை உருட்டியபடி, "தாஹே, தாஹே" என்று முணுமுணுத்தாள். அந்தப் பெயர் அப்படி அடிபடுவதை மிரானால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நிறுத்துங்க. தாஹே உள்ள இல்ல."

"என்னடி சொல்ற? தூங்கிட்டாளா? போலீஸ் வண்டியக் கூப்பிடட்டுமா?"

"அவ காலேஜ்ல இருக்கா. மார்ச்சுலயே சேந்துட்டா. லிஃப்ட் வேலை படிக்கறா. இன்னைக்கு அவளுக்குப் பட்டறைப் பரீட்சை."

டேஜின் அம்மாவுக்கு முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. திட்டுவாள் என்று மிரான் எதிர்பார்த்தாள். அவளோ சட்டென்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மிரானின் கையை இறுகப் பற்றினாள்.

"மெதுவாப் பேசு! யாருக்குடி தெரியும் இது? டேஜினுக்கு நாளைக்குப் பொண்ணு பாக்கணும். சித்தப்பா மக லிஃப்ட் ரிப்பேர்னா எந்த டாக்டர் வீட்டுல பொண்ணு குடுப்பாங்க? நீ வாயத் தொறக்காத, நான் பாத்துக்கறேன்."

அப்போதுதான் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். ஒரு இளம்பெண் ஒலிவாங்கியை மிரானிடம் நீட்டினாள். "அம்மா, உள்ள எழுதற உங்க புள்ளைக்கு என்ன சொல்ல ஆசைப்படறீங்க?"

"என் பொண்ணு உள்ள இல்லம்மா" என்றாள் மிரான். "அவ அஞ்சாம் தரம். லிஃப்ட் வேலை படிக்கறா. நல்லாப் படிக்கறா. நான்தான் பத்து மாசமா அவள மறைச்சு வெச்சிட்டேன்."

இளம்பெண் ஒலிவாங்கியைக் கீழே இறக்கினாள். "எழுதற புள்ளயோட அம்மா யாராச்சும் இருக்கீங்களா? கொஞ்சம் அழற மாதிரி?"

டேஜின் அம்மா மிரானை முழங்கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். கண்ணில் தண்ணீர் தயாராக இருந்தது.

மாலைச் செய்தியில் அவள் அழுகை வந்தது. "எங்க தாஹே ராத்திரி பகலா படிச்சா... டாக்டராகி ஏழைகளுக்கு வைத்தியம் பாக்கணும்னு..." என்று விம்மினாள். கீழே "மருத்துவக் கனவுடன் இரண்டாம் முயற்சி" என்று எழுத்து ஓடியது. பின்னால் மங்கலாக மிரான் நின்றிருந்தாள். அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

சாங்சிக்கின் கைபேசி அடிக்க ஆரம்பித்தது. மேலதிகாரி, அடுக்ககச் சங்கத் தலைவர், பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். "டாக்டருக்கா? சொல்லவே இல்லையேப்பா!" சாங்சிக் கூடத்தில் உலாத்திக்கொண்டே, "ஆமாமா, நல்லாத்தான் எழுதிருக்கா... எல்லாம் உங்க ஆசீர்வாதம்..." என்று குழைந்தார். பத்து மாதத்தில் மகளைப் பற்றி அவர் இவ்வளவு சந்தோஷமாகப் பேசியதே இல்லை.

மிரானின் கைபேசியும் அடித்தது. தாஹே.

"அம்மா, ஹாஸ்டல் டி.வி.ல பெரியம்மாவப் பாத்தேன். யாருக்காக அப்படி அழறாங்க?"

"இல்லாத ஒரு பொண்ணுக்காக, கண்ணு" என்றாள் மிரான். "நீ சொல்லு. பட்டறைப் பரீட்சை எப்படிப் பண்ணுன?"

"பாஸ், அம்மா! பிரேக்க நானே பிரிச்சு மாட்டினேன். நாளைக்கு நெஜக் கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

மிரான் எழுந்து கணவனிடம் போனாள். அவர் காதிலிருந்த கைபேசியை வாங்கினாள். மறுமுனையில் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"வணக்கம். நான் தாஹே அம்மா. என் பொண்ணு பரீட்சை எழுதல. அவ லிஃப்ட் மெக்கானிக்குப் படிக்கறா. பாஸ் பண்ணிட்டா. அதுக்கு வேணா வாழ்த்துச் சொல்லுங்க."

மறுமுனையில், எழவு வீட்டில் பேசுகிற குரலில் ஒருவர் சொன்னார்: "மனச விட்றாதீங்கம்மா. அடுத்த வருஷம் இருக்கு."