குளத்துச் சுவரில் ஒரு பெயர்

டெல்மாவின் அண்ணன் இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் பெயரை ஊரில் யாரும் சொல்லவில்லை; இறந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரால் போய்ச்சேர முடியாது என்பது அந்தப் பழங்குடி ஊரின் நம்பிக்கை. கடையில் அதே பெயரோடு இருந்தவனைக்கூட எல்லோரும், சொல்லக்கூடாத பெயருக்குப் பதிலாகச் சொல்லும் குமஞ்சாயி என்ற சொல்லாலேயே கூப்பிட்டார்கள்.

ஊர் நீச்சல் குளத்தைப் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டவர் அவர். துக்கத்துக்காகக் குளத்தைப் பூட்டினார்கள். துக்கம் முடிந்து திறந்தபோது மோட்டார் ஓடவில்லை. டெல்மாவின் மகள் ரோயீனாவுக்குக் காதில் மறுபடி சீழ் வைத்தது. குளம் இருந்த வருடங்களில் குளோரின் தண்ணீர் கழுவிப் பிள்ளைகளின் காது நன்றாக இருந்தது என்றாள் நர்ஸ். டீச்சர் சொல்வதில் பாதிதான் ரோயீனாவுக்குக் கேட்டது.

டெல்மா அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினாள். குளத்தை நடத்தியவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயால் சொல்லவா போகிறோம்; எங்கோ தலைநகரத்தில் ஓர் அலமாரியில் கிடக்கப்போகிற காகிதம். அண்ணன் பெயரை எழுதினாள். தண்ணீருக்கு ஒரு பிள்ளையைக்கூடக் கொடுக்காதவர் என்றும் சேர்த்தாள்.

பணம் வந்தது. மோட்டார் வந்தது. அதே லாரியில் எஃகு எழுத்துகளும் வந்தன. டெல்மா மகளோடு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த இரண்டு நாளில் வேலையாட்கள் அவற்றைக் குளத்தின் முன்சுவரில் திருகாணி போட்டுப் பொருத்திவிட்டுப் போனார்கள். நெடுந்தொலைவிலிருந்தே படிக்க முடிந்தது.

ஊர் அந்தத் தெருவை விட்டுவிட்டது. கடைக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போனார்கள். அண்ணி மார்லீன் மெத்தையையும் நாய்களையும் ஏற்றிக்கொண்டு, அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

டெல்மாவின் பொறுப்பில் குளம் மறுபடி திறந்த அன்று வெயில் நாற்பத்தொன்று. ஒருவரும் வரவில்லை. ரோயீனா தெருமுனையிலேயே நின்றுவிட்டாள்.

"மாமா பேரு அங்க இருக்கும்மா."

அதிகாரி பிரெண்டன் போனில் பொறுமையாகத்தான் பேசினார். டெல்மா எழுதிய வரி மேலிடத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போனதாம். ஊருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தார்களாம். இப்போது அது ஒப்பந்தத்தில் இருக்கிறது. எடுப்பதென்றால் கமிட்டி கூட வேண்டும், அது ஜூனில். அதற்குமுன் கை வைத்தால் அடுத்த தவணை நிற்கும். குளோரின், சம்பளம், எல்லாம் அதில்தான்.

"அது இருக்கிற வரைக்கும் ஒரு பிள்ளையும் வராது."

"பேரை நீங்கதானே எழுதி அனுப்பினீங்க?"

டெல்மா போனை வைத்தாள்.

மறுநாள் அண்ணியிடம் போனாள். வாசலுக்குக் கொஞ்சம் தள்ளியே மண்ணில் உட்கார்ந்தாள். அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். எழுதிக் கொடுத்தது தான்தான் என்று டெல்மா சொன்னாள்.

"உங்க அண்ணன் இருந்திருந்தா உன்னை அந்தத் தண்ணியிலயே தூக்கிப் போட்டிருப்பாரு" என்றாள் அண்ணி. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "தூக்கமே இல்ல டெல்மா. யாரோ ரோட்டுல நின்னு அவரை விடாம கத்திக் கூப்பிடுற மாதிரியே இருக்கு. அவரு எப்படிப் போவாரு?"

அன்று சாயங்காலமே டெல்மா ஏணி போட்டாள். ஒவ்வொரு எழுத்தையும் கழற்றிப் போர்வையில் சுற்றினாள். பெரியவர்கள் பச்சை இலை போட்டு, அவரை அனுப்பிவைக்கப் புகை காட்டினார்கள். மிச்சமிருந்த குளோரின் ஆறு வாரத்துக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் பிள்ளைகள் வந்தார்கள். அடுத்த வாரம் அண்ணி வீடு திரும்பினாள். மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. தவணை நிறுத்தப்பட்டிருந்தது.

ஆறாவது வாரம், வெள்ளிக்கிழமை. மூடும் நேரம் தாண்டியும் டெல்மா விசில் ஊதவில்லை. இருட்டத் தொடங்கியபோதுதான் ஊதினாள். ஈரத்தோடு ஓடிவந்த ஒரு சிறுமி கேட்டாள்:

"நாளைக்கு எப்ப தொறப்பீங்க அத்தை?"

"தலையைத் துவட்டு முதல்ல" என்றாள் டெல்மா.