பெரியதம்பி உட்கார்ந்த பெட்டி

செஞ்சியில் பஸ் மேலே ஏறும்போது பன்னிரண்டு பாட்டிலாக இருந்த மெஹர் பானுவின் எலுமிச்சை ஊறுகாய், மெட்ராஸ் திருவல்லிக்கேணியில் இறங்கும்போது ஏழு பாட்டிலும் மிச்சம் சொதசொதப்புமாக இருந்தது. அடுத்த தடவை முழுசாகப் போனது ஐந்துதான். மளிகைக் கடையின் பழைய சோப்புப் பெட்டியில் வைக்கோலைத் திணித்து அனுப்பினால் வேறென்ன நடக்கும், கண்ணுகளா? திருவல்லிக்கேணிக் கடைக்காரர் ரியாசுதீன் கார்டு போட்டுவிட்டார்: ‘பதினெட்டாம் தேதி நாலு பெட்டி அனுப்பவும். இந்தத் தடவையும் உடைந்தால் ஊறுகாய்க்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வேன்.’

அந்த எண்பத்து நாலாம் வருஷம் செஞ்சிக்கு அட்டைப்பெட்டி செய்து விற்பவர் கிடையாது. விழுப்புரத்திலிருந்து ஜெயராமன் என்கிற ஏஜெண்ட், மூன்று மாதிரிகளைத் தட்டையாக மடித்துக்கொண்டு வந்து கூடத்தில் விரித்து நிமிர்த்தினார். மூன்றுமே உள்ளே நெளிநெளியாய்க் காகிதம் வைத்து ஒட்டின கெட்டி அட்டை. மூடுகிற இடத்தில்தான் வித்தியாசம். முதல் பெட்டியில் இரண்டு பக்கத்து மடலும் வந்து நடுக்கோட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். கோட்டின்மேல் காகித டேப் ஒட்டிவிட வேண்டும். இரண்டாவதில் மடல் நீளம். ஒன்றின்மேல் ஒன்று முழுசாகப் படுத்துக்கொள்ளும். குளிருக்கு இரண்டு போர்வை போர்த்தியவன் மாதிரி, பார்க்க லட்சணமே இல்லை. மூன்றாவது, அடிப்பெட்டிமேல் இன்னொரு பெட்டியைக் கவிழ்த்தாற்போல் தனி மூடி போட்டது.

பானுவின் கணவர் மஜீத் அந்த மூன்றாவதில் மயங்கிப் போனார்.

“பானு, பாரேன்! கல்யாணப் புடவை வெச்சு எடுத்தாரலாம் போல இருக்குது.”

“பாய் கண்ணு தப்பாது. இது ராயல் மாடல்” என்றார் ஜெயராமன்.

“அப்படியே அதுமேல குந்துங்க சார். டீ எடுத்தாரேன்” என்றாள் பானு.

ஜெயராமன் பெட்டியைப் பார்த்தார். “நாற்காலி இருக்குதே பாயம்மா…”

“எங்க ஊறுகா நாற்காலி போட்டுக்கினா போவப் போவுது?”

அவர் டீயை நின்றுகொண்டே குடித்தார். பானுவுக்கு அது போதும், மஜீத்துக்குப் போதவில்லை. வீட்டில் சண்டை வராமல் இருக்க, மூன்றையும் சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது.

மறுநாள் அவலூர்பேட்டைச் சந்தை. பானு முப்பத்தாறு பாட்டிலில் மஞ்சள் தண்ணீரை நிரப்பினாள். பெட்டிக்குப் பன்னிரண்டு, நடுநடுவே ஒரே மாதிரி அட்டைத் தடுப்பு. புடவைப் பெட்டிக்கு மட்டும் அழகு கெடாமல் மஜீத் ஒரு நூல் கயிறு கட்டினார். “அவலூர்பேட்டையில எங்க அக்கா பாத்துட்டு இதே பஸ்ல திருப்பி அனுப்புவாங்க” என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டு லோடுமேன் பெரியதம்பியிடம் ஒப்படைத்தார்கள். பெரியதம்பிக்குப் பெட்டியைத் தூக்குவது வேலை, போடுவது சந்தோஷம். சந்தை நாளில் தானும் பஸ் மேலேயே ஏறிப் போய்வருவார்.

சாயந்திரம் மூன்றும் திரும்பின. புடவைப் பெட்டிக்கு மூடியைக் காணோம். பெரியதம்பி கயிற்றைப் பிடித்துத் தூக்கினாராம், அது அறுந்துவிட்டதாம். கழன்று விழுந்த மூடியில் ஒரு பெண்பிள்ளை கத்திரிக்காயைக் கொட்டி வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டாளாம். உள்ளே ஐந்து பாட்டில் தூள். நடுக்கோட்டுப் பெட்டி வயிறு உள்வாங்கியிருந்தது, இரண்டு போச்சு. போர்வைக்காரன் மட்டும் பன்னிரண்டும் முழுசாக வந்திருந்தான், பீடி நாற்றத்தோடு.

“பெரியதம்பியண்ணே, இதுமேல யாருனா குந்தினாங்களா?”

“நான்தான். போவசொல்லவும் வரசொல்லவும் அதுமேலதான்.”

“மத்தது ரெண்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?”

“அதுங்கள்லயும் குந்திப் பாத்தேன் பாயம்மா. கோடு போட்டது உள்ள வாங்குது. மூடி போட்டது ஆளையே வழுக்கி உடுது. இதுதான் கம்முனு கெடக்குது. இருவது வருசமா பொட்டிமேல குந்திக்கினு போறவன், எனக்குத் தெரியாதா?”

மஜீத் தலையைச் சொறிந்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்து வந்த ஜெயராமன், பானு கேட்ட மாதிரியைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கினார். “இதுக்கு அட்டை ஜாஸ்தி புடிக்கும். இதுதான் வேணும்னு யார் சொன்னது?”

“எங்ககிட்ட தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு.”

“இஞ்சினீயரா?”

“இல்ல சார். உக்கார்றவரு.”

நாலு பெட்டி வந்தது. நாற்பத்தெட்டு பாட்டில் ஏறியது. குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் பானுவுக்கும் மஜீத்துக்கும் உறைத்தது: பதினெட்டாம் தேதி, அமாவாசைக்கு மறுநாள். மேல்மலையனூர் அங்காளம்மனைக் கும்பிட்டுத் திரும்புகிற ஊரே மெட்ராஸ் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இடமில்லாதவர்கள் மேலே ஏறியிருந்தார்கள். பெரியதம்பி நாலு பெட்டியையும் ஏற்றி வரிசையாக அடுக்கினார். அடுக்கிவிட்டுக் கையைத் தட்டினார்.

“யக்கா, தரையில ஏன் குந்துற? இதுல வா. அண்ணே, நீயும் வா. நானே குந்திப் பாத்த பொட்டி, ஒண்ணும் ஆவாது!”

பெட்டிக்கு இரண்டு பேராக உட்கார்ந்துவிட்டார்கள்.

“அண்ணே! அதுல ஊறுகா இருக்குது!”

“தெரியும் பாயம்மா! அதான் மெதுவா குந்தச் சொல்லிக்கீறேன்!”

பஸ் கிளம்பிவிட்டது. எட்டுப் பேரும் அவளைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போனார்கள்.

நாலு நாளும் பானு தபால்காரர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “புடவைப் பெட்டியா இருந்தா மேல குந்த மனசே வந்திருக்காது” என்று மஜீத் ஒரே ஒரு தடவை சொன்னார். பானு முறைத்ததில் சொன்னதை அப்படியே முழுங்கிக்கொண்டார். அவள் புதிதாக ஒரு பழம்கூட நறுக்கவில்லை. நறுக்கி யாருக்கு அனுப்புவது?

ஐந்தாம் நாள் கார்டு வந்தது.

‘நாற்பத்தெட்டும் முழுசாக வந்தன. இனி மாதம் எட்டுப் பெட்டி, இதே பெட்டியில் அனுப்பவும். ஒரு பெட்டியின் கயிற்றில் குங்குமம் வைத்த எலுமிச்சம்பழம் ஒன்று செருகியிருந்தது. அதை மட்டும் ஏன் ஊறப்போட மறந்தீர்கள்?’

பானு இரண்டு தரம் படித்தாள். பிறகு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். மஜீத் கார்டை வாங்கிப் படித்தார். பையை எடுத்துக்கொண்டு எலுமிச்சை வாங்கக் கிளம்பினார்.