சிவப்பு எண்பத்தொன்று

அந்தக் காலையில் அது மூன்றாவது கல்கடை. பியென் ஹோவா சாலையின் தூசியெல்லாம் தன் முகத்தில்தான் படிந்திருக்கிறது என்று தோன்றியது தியெமுக்கு. பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கணவன் தொவான், சாய்த்து நிறுத்திய கிரானைட் பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, புதுச் சமையல் மேடைக்குக் கறுப்பா பழுப்பா என்று கேட்டான். எதுவானாலும் துடைக்கப்போவது அவள்தான். கறுப்பே இருக்கட்டும் என்றாள். அவளுக்கு வேண்டியது நிறமல்ல, உயரம். நெடுநெடுவென வளர்ந்தவள் இருபத்திரண்டு வருடமாக, குள்ளமான மாமியார் கட்டிவைத்துவிட்டுப் போன சமையல் மேடையில் குனிந்தே காய் நறுக்கியதில் முதுகு போயே போய்விட்டது.

தொவான் லோபான் நாடாவை எடுத்தான். அந்த வீட்டில் கதவு, கட்டில் எதை அளந்தாலும் அதில்தான். எண் சிவப்புக் கட்டத்தில் விழுந்தால் சுபம், கறுப்பில் விழுந்தால் கெடுதல்.

"நாலு சென்டி ஒசத்தி எண்பத்தஞ்சு வெச்சா கறுப்பு. பழையபடி எண்பத்தொண்ணே வெச்சிருவோம். அம்மா பாத்து வெச்சது, நமக்கு ஒரு குறையும் வரல."

"உங்களுக்கு வரல" என்றாள் தியெம். சண்டை போடத் தெம்பில்லை.

கரும்புச்சாறு உறிஞ்சிக்கொண்டிருந்த கடைக்காரி ஹான் நிமிர்ந்தாள். "ஏன் தம்பி, அந்த எண்பத்தொண்ணு கல்லுக்கு மேலயா, கீழயா?"

"செங்கல் கட்டி முடிச்சதும் அம்மாவே அளந்தாங்க. நாடாவப் புடிச்சதே நான்தான்."

"அதுக்கப்புறம்தானே கல்லு போட்டீங்க? ரெண்டு சென்டி ஏறியிருக்குமே. எண்பத்திமூணு எங்க விழுதுன்னு பாரு."

பார்த்தான். கறுப்பு. கட்டத்துக்குள் 'கேடு' என்றே எழுதியிருந்தது.

தியெமுக்குச் சிரிப்பு வரவில்லை. குடும்பம் நல்லா இருக்கணும்னுதான் குனிகிறோம் என்றாவது இத்தனை நாள் நினைத்திருந்தாள். அதுவும் போயிற்று. மனது வெறுத்துப்போனது.

"எந்திரி தங்கச்சி. காய் நறுக்குற மாதிரி நில்லு" என்றாள் ஹான், சாக்கட்டியைத் தேடியெடுத்து.

தியெம் நிமிர்ந்து நின்றாள். நிமிர்வதும் வலித்தது. முழங்கையை மடக்கி, இல்லாத கத்தியைப் பிடித்தாள். அவள் கைக்கு நேராகக் கறுப்புப் பலகையில் ஒரு கோடு இழுத்தாள் ஹான்.

"அளந்து சொல்லு தம்பி."

தொவான் குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து நாடாவை இழுத்தான். கோட்டருகே வந்ததும் கை கொஞ்சம் தயங்கியது. மனைவியின் முகத்தை அண்ணாந்து பார்த்தான்.

"எண்பத்தொம்பது" என்றான். எண் மட்டும் தெரிந்தது. கட்டத்தை அவன் கட்டைவிரல் மூடியிருந்தது.