அண்ணன் பெயரில் சொன்ன ஆமாம்

ஜனவரி ஆறாம் தேதி, திங்கட்கிழமை, வேன் வரவில்லை.

முந்தின புதன்கிழமை புத்தாண்டு விடுமுறை. வெள்ளிக்கிழமை பனி கொட்டியதில் முதியோர் பகல்நேர மையத்தையே பூட்டிவிட்டார்கள். ஆகவே திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு இர்வின் வழக்கம்போல அண்ணனுக்குக் கோட்டு மாட்டி, காது மூடும்படி குல்லாயை இழுத்துவிட்டு, சக்கர நாற்காலியை வாசலில் சரிவுப் பலகையின் மேல்முனையில் கொண்டுவந்து நிறுத்தினார். எட்டரைக்கு வேன் வரவேண்டும். ஒன்பது ஆயிற்று. பாதையில் குப்பை லாரி ஒன்று போனது. அவ்வளவுதான்.

"டயர்... பஞ்சரா... இருக்கும்" என்றார் டெல்மர்.

"இருக்கும்ணே."

டெல்மருக்கு எண்பத்திரண்டு வயது. முப்பத்தொரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் போய்விட்டன. பேச்சு போகவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் ஆழத்திலிருந்து வெட்டி மேலே ஏற்றுகிறவரைப் போலத்தான் பேசுவார். இர்வினுக்கு எழுபத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு வாரம் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பெட்டியோடு வந்தவர், அந்தப் பெட்டியை இன்னும் கட்டிலடியில்தான் வைத்திருக்கிறார்.

இரண்டு பேரையும் தாங்கிப் பிடித்திருந்தது அந்த அரசாங்கத் திட்டம். திங்கள், புதன், வெள்ளி வேன் வந்து அண்ணனை மையத்துக்குக் கூட்டிப்போகும். டாக்டர், நர்ஸ், பல் வைத்தியம், கால் கைப் பயிற்சி, சூடாக மதியச் சாப்பாடு, சீட்டாட்டம் எல்லாம் அங்கேயே. மாத்திரைகளை வேளைவாரியாகப் பொட்டலம் போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். செவ்வாயும் சனியும் ஓர் ஆள் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகும். செலவு முழுக்க அரசாங்கத்தினுடையது. நிபந்தனை ஒன்றே ஒன்று: வைத்தியம் என்று எது பார்த்தாலும் அவர்கள் வழியாகத்தான் பார்க்கவேண்டும், வேறு எந்தக் காப்பீட்டிலும் சேரக்கூடாது.

இந்தத் திட்டம் இல்லையென்றால் பெரிய ஊரில் இருக்கும் முதியோர் காப்பகம். டெல்மரின் மனைவி ஓப்பல் அங்கேதான் மூன்று வருஷம் கிடந்து செத்தாள். அவள் அடக்கத்தன்று டெல்மர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய அங்க போட்றாதடா" என்றார். இர்வின் சரி என்றார்.

ஒன்பதரைக்கு இர்வின் மையத்துக்குப் போன் போட்டார். வேன் ஓட்டும் லோனிதான் எடுத்தான்.

"யாரு, இர்வினா? என்னய்யா உங்க பெருசு எங்களை விட்டுட்டு ஓடிட்டாரு? பேரே லிஸ்டுல இல்ல."

"எங்க ஓடுறது? வாசல்ல உக்காந்திருக்காரு, கோட்டு மாட்டிக்கிட்டு."

லோனியின் சிரிப்பு நின்றது. "இருங்க, ரமோனா மேடத்துக்குக் குடுக்கிறேன்."

ரமோனா மையத்தின் சமூகப் பணியாளர். குரலை உயர்த்தாமல் விஷயத்தைச் சொன்னார். நவம்பர் மாதம் டெல்மர் போனில் வேறொரு காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார். அதில் சேர்ந்ததும் இதிலிருந்து பெயர் தானாகவே எடுபட்டுவிடும். ஜனவரி ஒன்றிலிருந்து அவர் இங்கே இல்லை. அவர் வீட்டுக்கு மூன்று கடிதம் போயிருக்கிறது.

மூன்று கடிதமும் வந்தன. இர்வினுக்குத் தெரியும். குளிர்பதனப் பெட்டியின் மேல் மளிகைக்கடை நோட்டீஸ்களோடு இருக்கின்றன. பிரிக்கவில்லை.

"இர்வின் சார், அந்தப் போனை யார் எடுத்தது?"

இர்வினுக்கு அந்தச் சாயங்காலம் அப்படியே தெரிந்தது. அடுப்பில் பயறு வெந்துகொண்டிருந்தது. ஒரு பெண்ணின் தேன் குரல். "டெல்மர் ஐயாதானே பேசுறது?" "ஆமா." பல் வைத்தியம், கண்ணாடி, மளிகைக்கு மாசாமாசம் ஒரு கார்டு, எல்லாம் இலவசம், சரிங்களா? "சரி." பிறந்த தேதி கேட்டாள், சொன்னார். மெடிகேர் என்ற அரசாங்க மருத்துவக் காப்பீட்டின் எண் கேட்டாள், பார்க்காமலே சொன்னார். விருப்பப்பட்டுத்தானே சேர்றீங்க? "ஆமா." பயறு பொங்கி வழிந்தது. வைத்துவிட்டார்.

"அண்ணன் எடுத்திருப்பாரு" என்றார் இர்வின்.

பொய் சொன்னோம் என்று தோன்றவில்லை. குடித்த கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைப்பது மாதிரி அதை அங்கே வைத்தார். கொஞ்ச நாளாகவே எல்லாம் அப்படித்தான் இருந்தது. சோற்றில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால்கூட யோசித்துப் பார்க்கவேண்டியிருந்தது.

வியாழக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள், மறுபடி சேர்ப்பதைப் பேசலாம் என்றார் ரமோனா.

செவ்வாய்க்கிழமை குளிப்பாட்ட ஆள் வரவில்லை. புதன்கிழமை இர்வினே குளியலறைக்குக் கொண்டுபோனார். நாற்காலியிலிருந்து தூக்கும்போது இடுப்பில் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. கை நழுவியது. டெல்மர் சுவரோரமாகச் சறுக்கிக்கொண்டே போய்த் தரையில் உட்கார்ந்தார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழுப்ப முடியவில்லை. இர்வினும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்பது நிமிஷம்.

"டேய்..."

"என்னண்ணே?"

"தரைய... கூட்டி... எத்தனை நாளாச்சு?"

"கூட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பொய்யி... சொல்லாத. பக்கத்துல... இருந்து... பாக்குறேன்."

பிறகு இர்வின் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, முதலில் ஸ்டூலுக்கு, அப்புறம் நாற்காலிக்கு என்று இரண்டு தவணையாக ஏற்றினார். மதியம் சோள ரொட்டியை மோரில் பிட்டுப்போட்டுக் கொடுத்தார். தான் சாப்பிட்டோமா என்று சாயங்காலம் நினைத்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை.

வியாழக்கிழமை மைய வாசலில் லோனி நின்றிருந்தான்.

"வாங்க பெருசு! நீங்க இல்லாம சீட்டாட்டத்துல ஒரு திருட்டும் நடக்கல. எல்லாருக்கும் போரடிக்குது."

"உனக்கு... பிடிக்க... தெரியாது" என்றார் டெல்மர்.

அறைக்குள் ரமோனாவும் டாக்டரம்மாவும் இருந்தார்கள். ரமோனா முதலில் நல்ல செய்தியைச் சொன்னார். கையெழுத்துப் போட்டால் பிப்ரவரி ஒன்றிலிருந்து மறுபடி சேரலாம். அப்புறம் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"ஆனா ஒரு விஷயம் இருக்கு. தெரியாதவங்க போன் பண்ணிக் கேட்டா ஐயா நம்பரெல்லாம் சொல்லிடுறாருன்னா, சொந்தமா முடிவெடுக்கிற நிலையில இருக்காரான்னு நாங்க பாத்தாகணும். இல்லேன்னா இவர் கையெழுத்து செல்லாது. கோர்ட்டுல பொறுப்பாளர் போடணும். அது முடியிற வரைக்கும் வீட்டுல இருக்கிறது பாதுகாப்பான்னு..." முடிக்காமல் இர்வினைப் பார்த்தார். "ஐயா, அந்தப் போனை நீங்கதான் எடுத்தீங்களா?"

வீட்டில் போன் அடுப்படிச் சுவரில் மாட்டியிருக்கிறது. உட்கார்ந்தபடி டெல்மருக்கு அது எட்டவே எட்டாது. அது இர்வினுக்குத் தெரியும். டெல்மருக்கும் தெரியும். அந்தச் சாயங்காலம் இரண்டடி தள்ளி மேஜையடியில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். தம்பி சொன்ன ஒவ்வொரு ஆமாவும் அவர் காதில் விழுந்திருக்கும்.

"நான்தான்... எடுத்தேன்" என்றார் டெல்மர்.



டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இது என்ன வருஷம்? சொன்னார். என்ன மாசம்? சொன்னார். டாக்டரம்மா ஐந்து சொற்களைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் நீட்டினார். "ஒரு கடிகாரம் வரைங்க ஐயா. பதினொன்னு பத்துன்னு காட்டணும்."

டெல்மர் இடக்கையால் பென்சிலை வாங்கினார். பிறந்ததிலிருந்து வலக்கைக்காரர். வட்டம் முட்டைபோல் வந்தது. பன்னிரண்டை மேலே வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கொண்டு போனதில் எல்லா எண்ணும் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டன. எட்டுக்கு இடமில்லை. நின்றுவிட்டார். அழிக்க ரப்பர் இருக்கிறதா என்று மேஜையைச் சுற்றிப் பார்த்தார்.

இர்வின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனின் மலத்தைத் துடைத்திருக்கிறார், நடுக்கத்தில் உதறிய காலைப் பிடித்திருக்கிறார், ஒன்றும் உள்ளே இறங்கியதில்லை. இப்போது டெல்மரின் காதுமடல் சிவந்துகொண்டு வந்தது. சுரங்கக்கூரையை இரும்புக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டி, அந்தச் சத்தத்தை வைத்தே நிற்குமா விழுமா என்று சொல்லி, பதினாலு பேரை உள்ளே கூட்டிப்போன மனுஷன். ஒரு எட்டு எழுத இடமில்லாமல் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போதும், டாக்டரம்மா" என்றார் இர்வின். தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "போன்ல பேசினது நான்."

"டேய்... சும்மா... இரு."

"நான்தான் பேசினேன். அன்னைக்கு உங்ககிட்ட அண்ணன்னு சொன்னது பொய்யி."

ரமோனா மெதுவாகக் கேட்டார். "டெல்மர்னு சொல்லியா பேசினீங்க?"

"ஆறு வருஷமா அப்படித்தான் பேசுறேன். கரண்ட் ஆபீஸ், சுரங்க பென்ஷன், முன்னாடி மருந்துக்கடை, பாங்கு. தம்பின்னு சொன்னா அவரைக் குடுங்கன்றாங்க. குடுத்தா, இவரு ஒரு வார்த்தையை முடிக்கிறதுக்குள்ள லைனை வச்சிடுறாங்க. அதனால டெல்மர்தானான்னு கேட்டா ஆமான்னுடுவேன். அந்தப் பொண்ணு என்ன கேட்டான்னே நான் சரியா கேக்கல. ஆமா, ஆமான்னு சொன்னா சீக்கிரம் வச்சிடுவாங்க."



"என்னைவிட... நல்லா... நானா... பேசுவான்" என்றார் டெல்மர்.

டாக்டரம்மா கடிகாரம் வரைந்த தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். ரமோனாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "இங்க வர்ற பாதிப்பேர் வீட்டுல இதான் நடக்குது" என்றார். "யாரும் வாயைத் திறந்து சொல்றதில்ல. இர்வின் சார், நீங்க இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா, இந்த ஆளை நம்பி வீட்டுல விடமுடியாதுன்னு அண்ணனைக் கொண்டுபோய் அங்க போட்டுருவீங்கன்னு..." அப்படி நினைத்தோமா என்று இர்வினுக்கே தெரியவில்லை. நினைத்திருக்கலாம்.

"ஐயாவும் அதுக்குத்தான் உங்க பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாரா?"

டெல்மர் ஜன்னலைப் பார்த்தார்.

ரமோனா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். அவசரப்படுத்தவில்லை. "நீங்களே சொல்லுங்க ஐயா. உங்களுக்கு எங்க இருக்கணும்?"

வார்த்தை வருவதற்கு வெகுநேரம் பிடித்தது. யாரும் குறுக்கே பேசவில்லை.

"வீடு" என்றார் டெல்மர். "அப்புறம்... வெள்ளிக்கிழமை... சீட்டு."

டாக்டரம்மா எழுந்தார். "முடிவெடுக்கத் தெரிஞ்சவர்தான். நான் எழுதிடுறேன்."

டெல்மர் இடக்கையால் கையெழுத்துப் போட்டார். அது கையெழுத்துப் போலவே இல்லை, ஆனால் செல்லும் என்றார்கள். அடுத்து ரமோனா இன்னொரு படிவத்தை இர்வின் முன்னால் வைத்தார். அண்ணன் சார்பாகத் தம்பி தன் பெயரிலேயே பேசலாம் என்பதற்கு. இப்படி ஒரு தாள் இருப்பதே இர்வினுக்குத் தெரியாது. கையெழுத்துப் போடக் குனிந்தவர் 'டெல்' என்று எழுதிவிட்டார். ரமோனா வேறு படிவம் எடுத்துக் கொடுத்தார்.

"பிப்ரவரி மூணு, திங்கக்கிழமை, வேன் வரும். அதுவரைக்கும் மாத்திரை இருக்கா?"

"பதினோரு நாளைக்கு இருக்கு."

"மீதிக்கு நான் வழி பண்றேன். குளிப்பாட்டாதீங்க, துணியை நனைச்சுத் துடைச்சு விடுங்க. தயவுசெஞ்சு தூக்காதீங்க. உங்க இடுப்பு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல" என்றார் இர்வின். பிறகு, "வலிக்குது" என்றார்.

லோனி வந்து டெல்மரை அணைத்துத் தூக்கிக் காரில் உட்காரவைத்தான். நாற்காலியை மடித்துப் பின்னால் போட்டான். கார் ஏறியதும் டெல்மர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபின், மூடின கண்ணோடே, "கூமுட்டை" என்றார். நிறுத்தாமல், ஒரே மூச்சில், அவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து பல மாதம் ஆகியிருந்தது.

"ஆமாண்ணே" என்றார் இர்வின்.

பாலம் தாண்டுவதற்குள் டெல்மருக்குக் குறட்டை வந்துவிட்டது. வீட்டுத் திருப்பம் வந்தது. தூங்குகிற மனிதரை இறக்குவது முழித்திருக்கிறவரை இறக்குவதைவிட இரண்டு மடங்கு பாரம். சரிவுப் பலகையில் வேறு பனி உறைந்திருக்கும். பிப்ரவரி மூன்றுக்கு இன்னும் இருபத்தைந்து நாள். இர்வின் திருப்பத்தில் திரும்பவில்லை. ஹீட்டரை ஒரு புள்ளி கூட்டி வைத்துக்கொண்டு, ஆற்றோரமாக, மூடிக்கிடக்கும் நிலக்கரிக் கிடங்கு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். அங்கே வண்டியைத் திருப்பி வந்தார். டெல்மர் எழவில்லை. மறுபடியும் போனார்.