சாம்பல் கழுத்துக் காகம், ஒன்று, தனியாக

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வாயில் மிஞ்சியிருக்கிற ஏழு பல்லின்மேலும் சத்தியம். அதில் இரண்டு கட்டின பல்லு என்று யாராவது கிளறினாலும், ஐந்து பல்லுச் சத்தியம் ஒரு காகத்தின் கதைக்குத் தாராளம்.

மொன்றியலின் மேற்குப் புறத்தில், பியர்பொன்ட்ஸில், மகள் வீட்டில் இருக்கிற சிவநேசத்துக்கு எழுபத்துநாலு வயது. திருகோணமலைக்காரர். மொன்றியல் துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் கப்பல் பெட்டிகளோடு கழித்தவர். அந்த வேலைக்கு அவருக்குத் தேவைப்பட்ட பிரெஞ்சு மூன்றே சொல்: பொன்ஜூர், மெர்சி, அத்தான்சியோன். வணக்கம், நன்றி, கவனம். மூன்றாவதை வேளைக்குச் சொன்னதால் இரண்டு பேர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள்.

காலை ஆறே முக்காலுக்கு மகள் வித்தியாவும் மருமகனும் காரில் போய்விடுவார்கள். ஏழரைக்குப் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ் ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு பின்னேரம் ஐந்தரை மட்டும் அந்த வீட்டில் சிவநேசமும் குளிர்சாதனப் பெட்டியும்தான். பெட்டி இடைக்கிடை முணுமுணுக்கும். அவர் "ஓம்" என்பார்.

அவருடைய அறை நிலவறையில். முந்தின வீட்டுக்காரர் சூடாக்கும் எண்ணெய்த் தாங்கி வைத்திருந்த அறை அது. மழை நாளில் இன்னும் மெல்லிய எண்ணெய் வாடை வரும். மேலே வந்து படுங்கோ அப்பா என்று வித்தியா எத்தனையோ தரம் கேட்டாயிற்று. மேலே பிள்ளைகள் பிரெஞ்சில் சிரிப்பார்கள். என்ன பகிடி என்று கேட்டால், தமிழுக்கு வருவதற்குள் பகிடி செத்துப்போயிருக்கும். கீழே அந்தத் தொல்லை இல்லை. அதைவிட முக்கியம், கீழே அவருக்கு அந்த யன்னல் இருந்தது.

பங்குனி, இங்கத்தைக் கணக்கில் மார்ச், தொடக்கத்தில், முடக்கில் உள்ள தெப்பனர் என்கிற சில்லறைக் கடைக்குப் பால் வாங்கப் போனபோது கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. ஒரு பறவையின் படம், ஒரு தொலைபேசி இலக்கம், நடுவில் நிறைய பிரெஞ்சு. கடைக்காரப் பெடியன் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினான். மொன்றியலில் இருந்து ஆற்றோடு கீழே போய் வடகரைக் கடலோரம் மட்டும், வசந்தத்தில் முதல் முதல் காணும் பறவைகளை ஒரு சங்கம் பட்டியல் போடுகிறதாம். சித்திரை முப்பதோடு பட்டியல் மூடுமாம். காண்கிறவர்கள் அறிவிக்கலாமாம்.

பதினாறாம் தேதி காலை சிவநேசம் அந்த இலக்கத்தை அழுத்தினார். ஒரு இயந்திரம் பேசி முடித்துப் "பீப்" என்றது. அவர் நிமிர்ந்து நின்று அறிவித்தார்.

"நான் சிவநேசம். பியர்பொன்ட்ஸ். இண்டைக்குக் காலமை எட்டே கால். செண்பகம் ஒண்டு. யன்னலுக்கு நேர. சுகமாயிருக்குது."

சங்கத்தில் இருநூறு பேர். ஒருவருக்கும் அது என்ன மொழி என்று தெரியவில்லை. தலைவர் மூன்று தரம் போட்டுக் கேட்டுவிட்டு, இது எந்தப் பறவையின் குரல் என்று கொஞ்ச நேரம் ஆராய்ந்ததாகவும் கேள்வி. பிறகுதான் யாருக்கோ ஜெகதீஸ்வரியின் நினைவு வந்தது. சங்கத்தின் ஒரே தமிழ் உறுப்பினர். யாழ்ப்பாணத்தவர், அறுபத்தாறு வயது, நகரின் மற்ற அந்தத்தில், செயின்ட்-மிஷேலில், தனியாக இருப்பவர். முப்பது வருஷம் ஓர் ஆய்வுகூடத்தில் ஊராருடைய இரத்தத்தையும் சலத்தையும் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். பொய்யான சலத்தை மணத்திலேயே பிடிப்பார் என்று பெயர்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் அழைத்தார்.

"சிவநேசம் அண்ணையோ? நான் பறவைச் சங்கத்திலயிருந்து கதைக்கிறன். ஜெகதீஸ்வரி."

சிவநேசம் கட்டிலில் இருந்துவிட்டார். அந்தத் தொலைபேசியில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டுக் கடைசியாகத் தமிழ் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு செத்தவீட்டுச் செய்தியாக.

"செண்பகம் எண்டு சொல்லியிருக்கிறியள். எங்கட ஊர்ச் செம்போத்து."

"ஓம், தங்கச்சி."

"செண்பகம் அத்திலாந்திக்கைத் தாண்டாது, அண்ணை. அது ஒரு வேலியைத் தாண்டவே ரெண்டு தரம் யோசிக்கும்."

"நான் தாண்டினனான்தானே."

"நீங்கள் பிளேனில. சரி, உடம்பு கறுப்போ?"

"கறுப்பு."

"சிவப்பு செட்டை முழுக்கவோ, தோளில மட்டுமோ?"

"தோளில. பட்டாளத்துக்காரன்ர பட்டி மாதிரி. கீழ மஞ்சள் கரை."

"அது சிவப்புத்தோள் கரும்பறவை. இங்கத்தையான். ஒவ்வொரு பங்குனியும் வாறது. எங்க இருந்து பாத்தனீங்கள்?"

"யன்னலால."

"யன்னலால எண்டு போடுறன். பிழையான அறிக்கை ஒண்டு எண்டும் போடுறன்."

பேனை கீறுகிற சத்தம் கேட்டது. சிவநேசம் அவசரமாகக் கேட்டார், "மற்றாக்கள் என்னத்தைக் கண்டவை?"

ஜெகதீஸ்வரி கொஞ்சம் தயங்கிவிட்டு வாசித்தார். றிமூஸ்கியில் ஈடர் வாத்து நானூறு. மத்தானில் கறுவாத்து அறுபது. தடுசாக்கில் கடற்புள் முப்பது, பனிக்கட்டிமேல். செத்-ஈலில் இன்னும் முழங்கால் அளவு பனி. ஓர் அண்டங்காகம், அவ்வளவுதான். இருபத்தாறு வருஷம் சிவநேசம் அந்த ஆற்றங்கரையில் நின்றிருக்கிறார். ஆறு பெட்டி கொண்டுவரும் என்றுதான் நினைத்திருந்தார். அதற்கு இத்தனை ஊர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அந்த ஒத்தை அண்டங்காகத்தை ஆர் கண்டது?"

"ஒரு மனிசி. எண்பது வயது. ஒவ்வொரு கிழமையும் அறிவிக்கிறவ."

"அவவுக்கு ஆர் போன் எடுக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை. அண்டங்காகம் சரியான பறவைதானே. பிழை மாதிரி இருந்தால்தான் எடுத்துக் கேப்பம்."

சிவநேசம் யோக்கியமான மனிதர். அடுத்த கிழமை யன்னலில் ஒரு றொபின் வந்து நின்றது; றொபின் என்றே அறிவித்தார். சனிக்கிழமை பத்துக்குத் சவரம் செய்துவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் காத்திருந்தார். அடிக்கவில்லை. அதற்கடுத்த கிழமை ஒரு புறா. பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம் அடித்தது. வீட்டுக் காற்றுக்குழாய் துப்பரவு செய்ய வேண்டுமா என்று ஒருவன் ஆங்கிலத்தில் கேட்டான். சிவநேசம் அவனிடம் குழாயைப் பற்றியும், முழங்காலைப் பற்றியும், தன் மனைவி செத்த வருஷத்துப் பனியைப் பற்றியும் விபரமாகச் சொல்லத் தொடங்கினார். அவனே வைத்துவிட்டான்.

சித்திரை ஐந்தாம் தேதி நடந்தது, பார்த்தவர் ஒருவர்தான் என்றாலும், நடந்தது. இந்த ஊரில் காரைப் பனியிலிருந்து காக்க வாசலில் வெள்ளைக் கூடாரம் ஒன்று கட்டுவார்கள். டெம்போ என்று பெயர். சித்திரை நடுவில் கழற்றாவிட்டால் நகரசபை கடிதம் போடும். அன்று விடியவே ஐஸ்மழை. வடக்கே போய்க்கொண்டிருந்த பனிவாத்துகள் முன்னூற்றுப் பன்னிரண்டு, அயல்வீட்டு டெம்போவுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து நனையாமல் நின்றன. சிவநேசம் யன்னலால் எண்ணினார். எட்டரைக்குப் பனிவழிக்கிற லொறி ஹோர்ன் அடித்தது. முன்னூற்றுப் பன்னிரண்டும் ஒரேயடியாகச் செட்டை விரித்தன. டெம்போ முளைகளைப் பிடுங்கிக்கொண்டு எழும்பியது. கார் மட்டும் கீழே வெறுந்தலையோடு நின்றது. கூடாரம் கூரைகளுக்கு மேலால் போய், ஆற்றுக்கு மேலே ஒரு கைலேஞ்சி அளவாகி மறைந்தது. அயல்வீட்டுக்காரர் கோப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து மேலே பார்த்து, பிரெஞ்சில் "போன்", அதாவது நல்லது, என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். கழற்றுகிற வேலை மிச்சம்.

அந்தச் சனி பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"அண்ணை, பனிவாத்து சரி. முன்னூற்றுப் பன்னிரண்டும் சரி. அந்தக் கூடாரத்தை நான் எந்த இனத்துக்குக் கீழ எழுதிறது?"

"அது வடகிழக்க போனது. கஸ்பேப் பக்கம் ஆக்களைப் பாத்துக்கொள்ளச் சொல்லுங்கோ."

மற்றப் பக்கத்தில் சிரிப்பை விழுங்கினதுபோல ஒரு சத்தம். தடிமன் பிடித்த மூக்காகவும் இருக்கலாம். பிறகு ஆய்வுகூடக் குரல் வந்தது.

"ரெண்டாவது பிழை. மூண்டாவதோட உங்கட பேரை எடுத்துப்போடுவினம். பேந்து உங்கட செய்தியள் எனக்கு வராது, நானும் எடுக்கேலாது. தலைவர் இன்னொண்டும் சொல்லிப்போட்டார். இனி இந்த மனிசன் விசித்திரமா ஏதும் சொன்னால் நேரில போய்க் கண்ணால கண்டுதான் எழுதவேணுமாம்."

"நேரிலயோ?"

"ஓம். கண்டால் எழுதுவன். காணாட்டி அதோட முடிஞ்சுது."

"செத்-ஈல் மனிசி என்ன மாதிரி?"

"இந்தக் கிழமை ரெண்டு அண்டங்காகம்."

"நல்லம்," என்றார் சிவநேசம். உண்மையாகவே நல்லம் என்றுதான் பட்டது.

இரண்டு கிழமைக்கு மேலாக அவர் வாய் திறக்கவில்லை. சரியான பறவையைச் சொன்னால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். பிழையான பறவையைச் சொன்னால் ஒருவர் வருவார். வந்து காணாவிட்டால் அந்தக் குரல் அதோடு சரி. ஒன்றும் சொல்லாவிட்டால் முப்பதாம் தேதி எல்லாம் தானாகவே முடிந்துவிடும். குளிர்சாதனப் பெட்டி முணுமுணுத்தது. அவர் அதற்குக்கூடப் பதில் சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் தேதி அந்தக் காகம் வந்தது.

இங்கத்தைக் காகம் தலையிலிருந்து கால்வரை கரி. "கா கா" என்று சோறு காட்டினால் திரும்பியும் பாராது. இதற்குக் கழுத்தில் சாம்பல். கொழும்பில் ஒரு பெட்டிக் கப்பலின் கம்பத்தில் ஏறி, சமையற்காரன் கொட்டின மிச்சத்தில் முப்பத்தொரு நாள் சீவித்து, துறைமுகத்தில் இறங்கியிருக்கிறது. அங்கிருந்து பியர்பொன்ட்ஸுக்கு மெற்றோவும் இரண்டு பஸ்ஸும் எடுக்க வேண்டும்; காகம் பறந்தே வந்ததால் ஒரு மணித்தியாலம் மிச்சம். யன்னல் விளிம்பில் வந்து குந்தி, கழுத்தைச் சரித்து அவரைப் பார்த்தது. எங்கேயோ கண்ட ஆள் என்பதுபோல ஒரு பார்வை. அவர் சோற்றில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்தார். தின்றது. போகவில்லை.

அவர் தொலைபேசியில் சுருக்கமாகவே சொன்னார்: "ஊர்க் காகம். சாம்பல் கழுத்து. ஒண்டு. தனிய."

ஜெகதீஸ்வரி முப்பதாம் தேதி பகல் வந்தார். மழை. செயின்ட்-மிஷேலில் இருந்து ஒன்றேமுக்கால் மணித்தியாலம். கழுத்தில் தொலைநோக்கி, கையில் பிளாஸ்ரிக் பைக்குள் பட்டியல் புத்தகம். ஆள் குரலைவிடச் சின்னவராக இருந்தார். சிவநேசம் நல்ல சேட்டுப் போட்டிருந்தார். யன்னலைப் பார்த்தபடி இரண்டு கதிரை போட்டு, நடுவில் தேத்தண்ணி வைத்திருந்தார்.

படியிறங்கி வந்து ஜெகதீஸ்வரி அறை வாசலில் நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கண் பழக நேரம் எடுக்கும்.

"இஞ்சயிருந்துதான் எல்லாத்தையும் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"வாத்துகளையும்?"

"வாத்துகளையும்."

அவர் வந்து கதிரையில் இருந்தார். ஈரச் சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். இனி அவர் எழும்பிப் போனால் தடுக்க ஒரு சொல்லும் தன்னிடம் இல்லை என்பது சிவநேசத்துக்குத் தெரிந்தது. தேத்தண்ணிக் கோப்பையை அவருடைய பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"எங்க நிக்குது?"

"அந்தா. வலக்கைப் பக்க மூலையில."

ஜெகதீஸ்வரி தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். நடுவில் உள்ள உருளையை மெல்லத் திருப்பினார். முப்பது வருஷம் நுணுக்குக்காட்டியில் குனிந்த முதுகு அசையவில்லை. மேலே யாரும் இல்லாத வீட்டில் பெட்டி முணுமுணுத்து ஓய்ந்தது. ஒரு நிமிஷம் போயிருக்கும். இரண்டும் இருக்கலாம்.

"கிட்டத்தான் நிக்குது," என்றார்.

சிவநேசம் கதிரையை ஒரு சாண் முன்னுக்கு இழுத்தார்.

"கழுத்து சாம்பல்தான். ஆனா அண்ணை, இடது செட்டையில ஒரு இறகு குறையுது. அதை நீங்கள் சொல்லேல்லை."

"நான் கவனிக்கேல்லை, தங்கச்சி."

"கவனிக்கவேணும். கப்பலில அடிபட்டிருக்கும்." தொலைநோக்கியை இறக்கி, புத்தகத்தை மடியில் விரித்தார். ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "சாம்பல் கழுத்துக் காகம். ஒன்று. தனியாக. பார்த்த இடம், யன்னல். நேரில் உறுதி செய்தது, ஜெ."

பிறகு தேத்தண்ணியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது, அடிமட்டும் குடித்தார்.

"இண்டையோட பட்டியல் மூடுது, என்ன?" என்று சிவநேசம் கேட்டார்.

"வசந்தப் பட்டியல் மூடுது. கோடைக்கு வேற ஒண்டு இருக்கு. சனிக்கிழமையளில, பத்து மணிக்கு."

"அதை ஆர் பாக்கிறது?"

"நான்தான்."

"எத்தின பேர் அறிவிக்கினம்?"

ஜெகதீஸ்வரி சப்பாத்துக்குள் காலை நுழைத்தபடி யோசித்தார். "இப்போதைக்கு ஒராள். செத்-ஈல் மனிசியையும் கேட்டுப் பாக்கலாம்."

கதவடியில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்து, "சோறு வைக்க மறக்காதேங்கோ," என்றார். அவர் ஏறுகிற படிச் சத்தத்தைச் சிவநேசம் எண்ணிக்கொண்டிருந்தார். பதின்மூன்று.

அந்த எண்ணெய்த் தாங்கி அறைக்கு நாலு பக்கமும் கொங்கிறீற் சுவர்; யன்னல் கிடையாது.