ஹைமவதி நிமிர்ந்த கதை

காக்கிநாடாவில் எங்கள் ஜூனியர் காலேஜில் வேதியியல் பாடம் நடத்திய ஹைமவதி, தன் கணவர் சூரிபாபுவைவிட ஒரு சாண் உயரம். கல்யாணப் போட்டோவிலேயே அவள் சற்றுக் குனிந்துதான் நின்றாள். குனியச் சொல்லி சூரிபாபு ஒருநாளும் கேட்டதில்லை. நிமிரச் சொன்னதும் இல்லை. வருஷக்கணக்காகக் குனிந்ததில் தோள் முன்னால் வந்து, முதுகு வளைந்து, கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் கழுத்து சுளீரென்றது.

பிசியோதெரபிஸ்ட் நீலோஃபர் சின்ன வயசுக்காரி, கறாரான பேச்சு. ஹைமவதியைச் சுவரோடு ஒட்ட நிறுத்தி, மோவாயை உள்ளே இழுக்கச் சொன்னாள்.

"இத்தனை வருஷமா வேலையே செய்யாத சதை மேடம். எழுப்பினா திட்டத்தான் செய்யும். கொஞ்ச நாள் வலிக்கும். வெந்நீர் ஒத்தடம் குடுங்க. ரொம்ப முடியலைன்னா சாப்பிட்டுட்டு ஒரு பாராசிட்டமால். வேற எதையும் அதோட சேர்க்காதீங்க. வலியை மாத்திரையால அடக்கிட்டு பயிற்சி பண்ணாதீங்க. கை மரத்துப்போனா, குத்துற மாதிரி வலிச்சா நேரா என்கிட்ட வாங்க."

இவ்வளவிலும் ஹைமவதியின் காதில் நின்றது, மாத்திரை போடலாம் என்பது மட்டும்.

அடுத்த வீட்டில் சூரிபாபுவின் அக்கா மங்காயம்மா இருந்தாள். மூட்டுவலிக்காரி. ஒரு பிஸ்கட் டப்பா நிறைய மாத்திரை வைத்திருந்தாள். மற்ற வீடுகளில் வந்தவர்களுக்குக் காபி கொடுப்பதுபோல அவள் மாத்திரை கொடுப்பாள்.

"பாராசிட்டமாலா? அது பச்சப்புள்ளைக்குக் குடுக்கறதுடி. இந்தா, இந்த மஞ்சள் மாத்திரையைப் போடு. இதைப் போட்டுட்டுதான் நான் அன்னவரம் கோயில் படியேறினேன்."

"அப்ப அந்தப் பொண்ணு சொன்னது, அண்ணி?"

"அதையும் போடு. அவ மனசு ஏன் நோகணும்?"

ஹைமவதி இரண்டையும் போட்டாள். மஞ்சளை வெறும் வயிற்றிலேயே போட்டாள். வலி பறந்துவிட்டது. வந்த தெம்பில், கொஞ்ச நேரம் நிற்கச் சொன்ன சுவரில் அரைமணி நின்றாள். காலேஜ் வராந்தாவில் கொடிக்கம்பம் நடந்து வருவதுபோல வந்தாள். நெஞ்சு எரிந்தது. பழியை ஆவக்காய் ஊறுகாய் மேல் போட்டாள்.

தெருவில் நடக்கும்போது சூரிபாபு ஒரு அடி பின்னாலேயே வந்தார்.

"என்னங்க, கால் வலியா?"

"இல்ல ஹைமா. உன் நிழல் நல்லா இருக்கு. வெயிலே படலை."

அந்த வாரம் உறவில் ஒரு கல்யாணம். பட்டுப் புடவை கட்டி, இரண்டு மாத்திரையையும் விழுங்கிவிட்டு ஹைமவதி கிளம்பினாள். பந்தி நடக்கும்போது இடப்பக்கம் யாரோ கூப்பிட, சட்டென்று திரும்பினாள். திரும்பிய கழுத்து திரும்பியபடியே நின்றுவிட்டது.

அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சூரிபாபுவின் சித்தப்பா மகன் கோட்டேஸ்வரராவ். பூதரேகு இனிப்பை வாயில் வைக்கப் போனவர் நிமிர்ந்தார். ஹைமவதி அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். இனிப்பை இலையில் வைத்தார். அப்போதும் அவள் முறைத்தாள். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்தார்.

"அண்ணி, உங்க கல்யாணத்துல அண்ணன் ஏறி நின்னு தாலி கட்ட முக்காலி கொண்டுவந்து போட்டது நான்தான். சின்ன வயசு. இன்னுமா மனசுல வெச்சிருக்கீங்க?"

"கழுத்தைப் பிடிச்சிருக்கு தம்பி!"

"ஐயோ, கழுத்தைப் பிடிக்கிற அளவுக்கா கோபம்?"

சத்தம் கேட்டு மங்காயம்மா கைப்பையைத் திறந்துகொண்டே ஓடி வந்தாள். "மஞ்சளை ரெண்டா போடுடி, இப்பவே விட்டுரும்."

அவள் கையில் திணித்த மாத்திரை அட்டையை ஹைமவதியால் குனிந்து பார்க்க முடியவில்லை. முகம் இருந்த பக்கமாக, கண்ணுக்கு நேரே விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அன்றுதான் முதன்முதலாக அதைப் படித்தாள். லேபிளைப் படிக்காமல் பாட்டிலைத் தொடும் மாணவிகளை ஆய்வகத்துக்கு வெளியே நிறுத்துகிறவள் அவள். பெரிய எழுத்தில் ஏதோ கம்பெனிப் பெயர். அதன் கீழே எறும்பு சைஸில் பாராசிட்டமால், டைக்ளோஃபினாக்.

"அண்ணி, இதுலயும் அதே பாராசிட்டமால்தான் இருக்கு. கூட இன்னொண்ணு வேற. நான் ரெட்டையா முழுங்கிட்டிருக்கேன்."

"நல்லதுதானே? சீக்கிரம் குணமாகும்."

"சீக்கிரம் ஈரல் கெடும் அண்ணி!"

கேட்டுக்கொண்டிருந்த சூரிபாபு பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஆட்டோ பிடித்தார். வழியெல்லாம் ஹைமவதி அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள், வேறு வழியில்லாமல். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரல் தப்பியது; வயிறுதான் புண்ணாகியிருந்தது. மாத்திரைகள் அனைத்தையும் நிறுத்தி, வயிற்றுக்கு மருந்து கொடுத்தார்கள்.

மறுநாள் நீலோஃபர் மூன்று பேரையும் உட்கார வைத்துக்கொண்டாள். "போதும், நிறுத்துன்னு வலி சொல்லுது மேடம். நீங்க அது வாயைப் பொத்திட்டு இன்னும் அரைமணி நேரம் நின்னிருக்கீங்க." பிறகு மங்காயம்மா பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு பிபி இருக்கில்ல? அதுக்கு இது ஆகாது. இந்த மஞ்சளை யார் எழுதிக் குடுத்தா?"

"எதிர்வீட்டு ரமணம்மாவோட மாப்பிள்ளைக்கு எழுதிக் குடுத்தாங்க."

"அவருக்கு என்ன?"

"பல்வலி."

நீலோஃபர் எழுந்தாள். மங்காயம்மாவைக் கையோடு ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

ஹைமவதியின் கழுத்து சில நாளில் விட்டது. பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தாள். வலித்தால் நிறுத்தினாள். ஒத்தடத்திலேயே பெரும்பாலும் அடங்கியது. முதுகு நிமிர்ந்து, நிமிர்ந்தபடியே நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கூடத்துக்கு வந்தபோது சூரிபாபு சுவரோடு ஒட்டி, மோவாயை இழுத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"சும்மா. எனக்குள்ளயும் கொஞ்சம் உயரம் ஒளிஞ்சிருக்குமோன்னு தேடறேன்."

"எனக்குக் குனியத் தெரியும்ங்க. வேணும்னா சொல்லுங்க."

"வேண்டாம்," என்றார் உடனே. "நீ அப்படியே இரு. நான்தான் வந்துட்டிருக்கேன்ல."

சாயங்காலத்துக்குள் அவருக்குத் தோள் இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது. மாத்திரை கேட்டார்.

"முதல்ல சாப்பிடுங்க. அப்பவும் வலிச்சா பார்க்கலாம்."

பெசரட்டு தோசையும் உப்புமாவும் சாப்பிட்டார். சாப்பிட்ட சுகத்தில் வலியை மறந்து, நாற்காலியிலேயே கூனிக் குறுகித் தூங்கிப்போனார்.